காலகேயர்களின் இலக்கணம்

2015 ஜூலையில் ‘பாகுபலி’ முதல் பாகம் வெளிவந்தபோது, டெங்கிலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே பந்தாடும் பையன்கள் கதாநாயகன் பேசிய வசனம் ஒன்றையும் மனப்பாடம் செய்யவில்லை. அவர்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டது காலகேயர் தலைவனின் பேச்சு. தொண்டையைக் கரகரப்பாக்கி, கண்ணை உருட்டி, நாக்கை அண்ணத்தில் சொடுக்கி மாதக் கணக்கில் அதையே பேசிக்கொண்டு திரிந்தார்கள். அதில் ஒரு சொல்லுக்கும் யாருக்கும் அர்த்தம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ‘இவன் நம்ம ஆள் இல்லை, முரடன், இவனிடம் பேசிப் பயனில்லை’ என்பதை அந்த ஒலியே சொல்லிவிட்டது.

அது வெறும் சத்தம் இல்லை, உருவாக்கப்பட்ட ஒரு மொழி என்பது பிறகுதான் பரவலாகத் தெரிய வந்தது. அதன் பெயர் கிளிக்கி. உருவாக்கியவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில், சிறுபிள்ளைகளோடு விளையாட்டாக அவர் உருவாக்கிய ‘கிளிக்’ என்ற சின்ன மொழிதான் அதற்கு விதை. இயக்குநர் ராஜமௌலி காலகேயர்களுக்கென்று தனியாக ஒரு மொழி வேண்டும், கேட்டாலே அச்சம் வர வேண்டும் என்று கேட்டபோது, அந்த விதையிலிருந்து ஏறக்குறைய 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட மொழியை அவர் வளர்த்தெடுத்தார். 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, அதைக் கற்பிக்க ஓர் இணையத்தளமும் தொடங்கப்பட்டது.

கிளிக்கியில் ‘மின்’ என்றால் நான். ‘நிம்’ என்றால் நீ. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. கண்ணாடியில் பார்த்தால் ‘நான்’ ‘நீ’ ஆகிவிடுகிறது. இதை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். படத்தில் அந்தக் கூட்டத்துக்குக் கொடுக்கப்பட்டிருப்பது கருமை பூசிய உடல், அழுக்கு, வெறி. ஆனால் அவர்கள் வாயில் வைக்கப்பட்ட மொழியோ, எதிரே நிற்பவனை ‘என்னைத் திருப்பிப் போட்டவன்’ என்று அழைக்கிறது. தமிழ் இதைச் செய்வதில்லை, மலாய் செய்வதில்லை, ஆங்கிலமும் செய்வதில்லை. அரங்கத்துக்குக் கேட்டது உறுமல். அந்த உறுமலுக்குள் 40 விதிகள் உட்கார்ந்திருந்தன.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மின்னணுவியல் படித்துவிட்டு, சைபர்ஜெயாவில் வேலை பார்க்கிறேன். இயந்திரங்களுக்குள் ஓடும் சிக்னலைப் பார்த்து எது தகவல், எது இரைச்சல் என்று பிரிப்பது என் அன்றாடப் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. ஒரு மொழியை ‘இரைச்சல்’ என்று நமக்குக் கேட்க வைப்பது எது?

இது பழைய கேள்வி. கிரேக்கர்கள் தங்கள் மொழி பேசாதவர்களை ‘பார்பரோஸ்’ என்றார்கள். அந்நியன் பேசுவது அவர்கள் காதில் ‘பர் பர்’ என்று விழுந்ததாம். ஆங்கிலத்தில் காட்டுமிராண்டிக்கு உள்ள ‘பார்பேரியன்’ என்ற சொல் அங்கிருந்து வந்தது. வடமொழியின் ‘மிலேச்சர்’ என்ற சொல்லும் தொடக்கத்தில் தெளிவில்லாமல் பேசுபவர்களைக் குறித்ததுதான். அடுத்தவனைத் தாழ்த்துவதற்கு முன்னால் அவன் மொழியை ஒலியாகக் குறைத்துவிட வேண்டும். இலக்கணத்தைப் பிடுங்கிவிட்டு, சத்தத்தை மட்டும் அவனுக்கு விட்டுவைக்க வேண்டும்.

மொழிகளை உருவாக்குபவர்களும் இதே வழியில் போயிருக்கிறார்கள். டோல்கீன் தன் கதைகளின் எல்ஃப்களுக்குக் கொடுத்த குவென்யா மொழிக்கு ஃபின்னிஷ் மொழியின் ஓசையையும், சிண்டாரின் மொழிக்கு வெல்ஷ் மொழியின் ஓசையையும் எடுத்துக்கொண்டார். இரண்டும் அவர் காதலித்த மொழிகள். கெட்டவர்களின் கருமொழியோ கரடுமுரடாக, தொண்டையை அடைப்பதுபோல் இருக்கும். நல்லவர்களுக்கு ‘ல’வும் ‘ந’வும், கெட்டவர்களுக்கு ‘க்ர’வும் ‘ஷ்’ஷும்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது கிளிங்கான். ‘ஸ்டார் டிரெக்’ படங்களில் வரும் போர்வெறி பிடித்த வேற்றுக்கிரகவாசிகளின் மொழி அது. 1984-இல் வந்த மூன்றாவது படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் என்ற அமெரிக்க மொழியியலாளர் அதை விரிவாக உருவாக்கினார். அடுத்த ஆண்டு அகராதியும் வந்தது. மனித மொழி போலவே தோன்றக் கூடாது என்பதற்காக அவர் சில வேலைகள் செய்தார். உலகில் மிக அரிதான சொல்வரிசையை எடுத்தார். முதலில் செயப்படுபொருள், பிறகு வினை, கடைசியில் எழுவாய். ஒலிகளிலும் ஆங்கிலக் காதுக்கு அந்நியமானவற்றைத் தேடிச் சேர்த்தார். அவற்றில் ஒன்று, நாக்கின் நுனியை மேலே வளைத்து அண்ணத்தில் தட்டி எழுப்பும் ‘ட’.

நம்ம ‘ட’தான். வீடு, நாடு, மாடு, தோட்டம், அடுப்பு, பாட்டி. வேற்றுக்கிரகத்துக்குப் போய்த் தேட வேண்டாம், எங்கள் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் நாள் முழுக்க அது கேட்கும்.

ஓக்ராண்டை நான் குறை சொல்லவில்லை. அவர் காதுக்கு அது அந்நியம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒலியோடு இந்த நாட்டில் வளர்ந்தவனுக்கு இது வேறொன்றையும் ஞாபகப்படுத்தும். மலேசியாவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை யாராக இருந்தாலும், தமிழ் தெரியாத ஒருவன் தமிழ் பேசுவதுபோல் நடித்துக் காட்டியதை ஒருமுறையாவது பார்த்திருக்கும். இடைநிலைப்பள்ளியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்தவன் அதில் கைதேர்ந்தவன். “அண்டிடி குண்டுடு டுண்டக்க” என்று தலையை ஆட்டிக்கொண்டே ஆரம்பித்தால் மொத்த வகுப்பும் சிரிக்கும். கோபத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு இப்போது ஒரு பொறியாளனாக யோசித்தால், அவனுடைய செவி கூர்மையானது என்றுதான் சொல்ல வேண்டும். தமிழில் அவன் மொழியில் இல்லாதது எது என்று சரியாகக் கண்டுபிடித்திருந்தான். ண, ட, அவை ஒட்டி வரும் ‘ண்ட’. சிக்னலின் அலைவரிசையைப் பிடித்துவிட்டான், அதில் போகும் செய்தி மட்டும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

அவன் செய்தது காலகேயர்களுக்குச் செய்யப்பட்டதைவிட ஒருபடி கீழே. காலகேயர்களுக்காவது 40 விதிகள் கிடைத்தன. எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

‘டெங்கில்’ என்ற ஊர்ப்பெயரே தமிழ் இலக்கணப்படி நடக்காத சொல். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் சொல்லுக்கு முதலில் வரா என்பது நம் இலக்கண நூல்களின் விதி. மலாயில் அந்த ஊரின் முதல் ஒலி, நாக்கு பல்லீறைத் தொட்டுப் பிறப்பது. நாம் அதை வளைநாக்கு ‘ட’வாக்கி, சொல்லின் வாசலில் நிற்கக் கூடாத எழுத்தை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டோம். யாரும் ‘இடெங்கில்’ என்று எழுதிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த ‘ட’ பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல், நாக்கு நுனியும் அண்ணமும் சேருமிடம் என்று துல்லியமாகக் குறித்துவைத்திருக்கிறது. கருவி எதுவும் இல்லாத காலத்தில் ஒருவர் தன் வாய்க்குள் கவனித்துக் கவனித்து எழுதியது. இன்றைக்குக் கருவி இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட ‘பிராட்’ என்ற இலவச மென்பொருளை இறக்கிவைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியைக் கைப்பேசியில் பேசவைத்துப் பதிவு செய்தேன். ‘பல்லி’ என்று மூன்று தடவை, ‘பள்ளி’ என்று மூன்று தடவை.

“இத பிடிச்சி என்னடா பண்ணப் போற?”

“பாக்கத்தான் பாட்டி.”

“சத்தத்த எப்படிடா பாப்ப?”

பார்க்க முடியும். திரையில் ஒலி கருப்புப் பட்டைகளாக விழுகிறது. கீழிருந்து எண்ணினால் மூன்றாவது பட்டை, ‘பல்லி’யில் ஏறக்குறைய நேராகப் போகிறது. ‘பள்ளி’யில் ‘ள்’ வரும் இடத்தில் அது சட்டென்று குழியில் இறங்கி, ‘ளி’யைத் தாண்டி மேலேறுகிறது. நாக்கு வளைந்தால் மூன்றாவது பட்டை இறங்கும் என்பது ஒலியியலில் தெரிந்த விஷயம்தான். ஆனால் பாட்டியின் நாக்கு வளைவதைத் திரையில் ஒரு பள்ளமாகப் பார்ப்பது வேறு. எழுபது வருஷத்துக்கு மேல் பேசிப் பேசித் தேய்ந்த குரல், மூன்று தடவையும் அதே இடத்தில் அதே ஆழத்துக்கு இறங்கி ஏறியது. இரைச்சல் இப்படி இருக்காது. இரைச்சல் ஒரே மாதிரி மூன்று தடவை வராது.

அக்கா மகனையும் சொல்லவைத்தேன். அவனுக்கு எட்டு வயது. தேசியப் பள்ளியில் படிக்கிறான். அவன் சொன்ன இரண்டு சொல்லும் திரையில் ஒன்றாகவே இருந்தன. பாட்டி அவனிடம் தினமும் கேட்பதற்குக் காரணம் விளங்கியது. “நீ பள்ளிக்குப் போனியா, பல்லிக்குப் போனியாடா?”

ஒலி இப்படித்தான் போய்விடும். ஒரு தலைமுறைக்குள், ஒரே வீட்டுக்குள், ஒரே சோபாவில். ஒலியோடு மொத்த மொழியும் போய்விடுகிறதா என்பதுதான் அதற்கப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பதில் தேடும்போது, மனிதர்கள் கையால் செய்த மொழிகள் மறுபடி உதவிக்கு வந்தன.

சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் ‘க’ பாஷை பேசினோம். ஒவ்வொரு அசைக்கு முன்னாலும் ஒரு ‘க’ போட வேண்டும். ‘நாளைக்கு மழை வரும்’ என்பது ‘கநா களைக் ககு கம கழை கவ கரும்’ ஆகிவிடும். பெரியவர்களுக்குப் புரியாமல் பேசுவதாக எங்களுக்கு நினைப்பு. அவர்களும் ஒருகாலத்தில் அதையே பேசியவர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலையில்லாத ஒரு மாலையில், தமிழ் வாக்கியத்தைக் கொடுத்தால் ‘க’ பாஷையில் திருப்பித் தரும் சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். அப்போதுதான் அதன் நுணுக்கம் தெரிந்தது. கணினி தமிழைச் சேமிப்பது நாம் நினைக்கும் எழுத்தாக இல்லை. ‘ரும்’ என்பது அதற்கு நான்கு துண்டுகள்: ர, உகரக் குறி, ம, புள்ளி. எங்கே வெட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும். மெய்யெழுத்துக்கு முன்னால் ‘க’ போடாதே, அது முன்னால் இருக்கும் உயிரோடு ஒட்டிப் போகும், தனியாக நடக்காது.

இந்த விதியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ‘கஅம் கமா’ என்று ஒருதரம் சொன்னாள். அடுத்த நிமிடமே எனக்குப் பேச வந்துவிட்டது. யாப்பிலக்கணத்தில் அசை என்று பின்னாளில் படித்ததை ஆறு வயதில் நாக்கு வைத்திருந்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘க’ பாஷையில் ஒலி முழுக்க மாறுகிறது, ஆனால் ‘நாளைக்கு’ முன்னால், ‘வரும்’ கடைசியில். இலக்கணம் நகரவே இல்லை.

இதற்கு மறுபக்கமாக ஒரு மொழி இருக்கிறது. கார்க்கி படித்த அதே குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் வடக்கே, கார்ப்பெண்டாரியா வளைகுடாவில் மார்னிங்டன் தீவு. அங்குள்ள லார்டில் பழங்குடி மக்களிடம் டமின் என்றொரு சடங்கு மொழி இருந்தது. ஆண்கள் தங்கள் சடங்குகளின் இரண்டாம் நிலையைக் கடக்கும்போது கற்றுக்கொள்வது. அதை ஓர் ஆதி முன்னோர் உருவாக்கித் தந்ததாக லார்டில் மக்கள் சொல்கிறார்கள். நாக்கைச் சொடுக்கும் ஒலிகளைச் சொற்களுக்குள் மெய்யெழுத்தாக வைத்திருக்கும் மொழி ஆப்பிரிக்காவுக்கு வெளியே டமின் ஒன்றுதான். நாம் ‘ச்சு’ கொட்டவும் கோழியைக் கூப்பிடவும் வைத்திருக்கும் ஒலிகளை அவர்கள் புனிதத்துக்கு வைத்திருந்தார்கள். 1960-இல் அங்கே போன கென் ஹேல் என்ற மொழியியலாளர் வியந்தது இதைத்தான்: சொற்கள் ஏறக்குறைய 150 முதல் 200 வரைதான், ஆனால் அவற்றை வைத்து எதையும் சொல்ல முடிந்தது. லார்டில் மொழியில் உள்ள பல விதமான ‘நாங்கள், நீங்கள், அவர்கள்’ எல்லாம் டமினில் இரண்டாகச் சுருங்கிவிடும். ஒன்று ‘நான்’. மற்றது ‘நான் அல்லாதவர்’.

மின், நிம் ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா?

டமினில் சொல் எல்லாம் புதிது, ஒலி புதிது. ஆனால் வேற்றுமை உருபும் வாக்கிய அமைப்பும் லார்டிலுடையதுதான். பாதிரிமார்களின் குடியிருப்பு வந்தபிறகு சடங்குகள் தடுக்கப்பட்டன. சடங்கு போனதும் டமினும் போய்விட்டது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் ஜொகூர்க் காடுகளில் கற்பூரம் தேடிப் போன ஜக்குன் மக்கள், காட்டுக்குள் நுழைந்ததும் அன்றாடச் சொற்களை விட்டுவிட்டு ‘பந்தாங் காப்பூர்’ என்ற விலக்கு மொழி பேசினார்கள். மரத்துக்குக் காவலாக ஓர் ஆவி இருக்கிறது, வழக்கமான சொற்களைப் பேசினால் கற்பூரம் கிடைக்காது என்பது நம்பிக்கை. லேக், கெல்சால் என்ற இருவர் 1894-இல் அந்தச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஆவியை ஏமாற்றக்கூட மனிதன் மாற்றிக்கொண்டது சொல்லைத்தான். சொல்லைக் கோக்கும் நூலை அவன் மாற்றவில்லை.

இதற்கெல்லாம் எனக்கு நேரே கண்ட சாட்சி ஒன்று உண்டு. பாட்டியின் மலாய்.

பாட்டி பெராங் பெசார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய தோட்டம் அது. அந்தப் போரின் நினைவாகவே மலாயில் ‘பெரும்போர்’ என்று பெயர் வைத்தார்கள். ரப்பர் உலகத்தில் இன்றும் பி.பி. என்று தொடங்கும் மரவகைகளின் பெயரில் இருப்பது அந்தத் தோட்டம்தான். தொண்ணூறுகளில் அந்த நிலத்தில் புத்ராஜெயா எழும்பியது. பெராங் பெசார், செட்ஜ்லி, கேலோவே, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டத்து மக்களும் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தார்கள். லயத்து வாசலில் உட்கார்ந்து பேசியவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள்.

பாட்டி பள்ளிக்கூடத்தில் மலாய் படித்ததில்லை. சந்தையிலும் வேலையிடத்திலும் காதால் பொறுக்கியதுதான். கீழ்வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் அவர் சொல்வார்: “சாயா செமாலாம் பாசார் பெர்கி, ஈக்கான் பெலி, பாலேக் டாத்தாங்.” ஒவ்வொரு சொல்லும் சுத்தமான மலாய். ஆனால் மலாயில் ‘போனேன்’ முன்னால் வந்து ‘சந்தை’ பின்னால் வர வேண்டும். பாட்டி சொன்னது ‘நான் நேத்து சந்தைக்குப் போயி, மீன் வாங்கி, திரும்பி வந்தேன்’ என்ற தமிழ் வாக்கியம்தான். வினையெச்சம் வினையெச்சமாக அடுக்கி, முற்றை வாக்கியத்தின் வாசலில் கொண்டுபோய் வைப்பது வரைக்கும் தமிழ். அந்த அம்மாவுக்கு அது நன்றாக விளங்கும். இருபத்தைந்து வருஷமாக இருவரும் அந்த மொழியில்தான் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொள்கிறார்கள். உலகத்தில் எந்த அகராதியிலும் இல்லாத, இரண்டு பேருக்காக உருவான மொழி.

போன வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பாட்டி ஃபோனில் கிள்ளானில் இருக்கும் தன் தங்கையோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா மகன் ஓரமாக உட்கார்ந்து கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தவன், தலையை நிமிர்த்தாமலே, “அண்டிடி குண்டுடு” என்றான்.

பதினைந்து வருஷம் கழித்து அதே ஒலி. இந்தமுறை எங்கள் வீட்டுக்குள்ளிருந்து, எங்கள் பிள்ளையின் வாயிலிருந்து. எங்கே கற்றான் என்று கேட்கத் தேவையில்லை. பாட்டிக்கு என்ன என்று விளங்கவில்லை. “என்னடா சொல்ற?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டாள். அவனைத் தேசியப் பள்ளியில் போட்டது அவள் முடிவு. அந்த முடிவுக்கு அவளிடம் காரணங்கள் இருந்தன. அன்றைக்கு அவை எதுவும் அவளுக்கு உதவியதாகத் தெரியவில்லை.

அவனை யாரும் திட்டவில்லை. திட்டினால் பாட்டிக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து அவன் என்னிடம் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். அவனும் கூட்டாளி ஒருவனும் ஒரு விளையாட்டுக்காக மொழி செய்திருக்கிறார்களாம். முதல் பக்கத்தில் ‘நம்ம ஆளுங்க மொழி’ என்று இருபது முப்பது சொற்கள். ‘நிக்’ என்றால் நான். ‘ஸோக்’ வீடு. ‘பிமு’ சோறு. ‘லரான்’ சாப்பிட்டேன். கேட்க இனிமையாக, கார்ட்டூன் படத்து ராஜகுமாரிகள் பேசுவதுபோல் இருந்தது. கார்ட்டூனிலிருந்துதான் வந்திருக்கும். “வாக்கியம் சொல்லுடா” என்றேன்.

“நிக் ஸோக்வா பிமு லரான்.”

நான் வீட்டில் சோறு சாப்பிட்டேன். ‘வா’ என்பது ‘இல்’. நான் அதைத் தாளில் எழுதிப் பார்த்தேன். அவன் பள்ளியில் நாள் முழுக்கப் பேசும் மலாயில் ‘சாப்பிட்டேன்’ என்பது சோற்றுக்கு முன்னால் வர வேண்டும், ‘வீட்டில்’ என்பதற்கான ‘டி’ வீட்டுக்கு முன்னால் வர வேண்டும். ஆங்கிலத்திலும் அப்படியே. இவன் வினையைக் கடைசியில் வைத்திருக்கிறான். உருபைப் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறான்.

“இந்த ‘வா’ ஏன் பின்னாடி வருது? முன்னாடி போட்டா என்ன?”

“பின்னாடிதான் வரணும் மாமா.”

“ஏன்?”

அவன் என்னை ஒருமாதிரி பார்த்தான். “முன்னாடி வந்தா எப்படி சொல்றது?”

‘ள’வை இழந்த பிள்ளை. ‘பல்லிக்கு’ப் போகும் பிள்ளை. சொல் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளலாம் என்ற சுதந்திரம் கிடைத்தபோது, அவற்றைக் கோக்க அவன் கை நீட்டி எடுத்தது பாட்டியின் நூலைத்தான். எடுத்தது அவனுக்கே தெரியவில்லை.

புத்தகத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் ‘எதிரிங்க மொழி’. அதில் சொற்கள் இல்லை. டுண்டு, குண்டுடு, அண்டிடி, ட்ரண்ட என்று கோணல்மாணலாகக் கிறுக்கி, பக்கத்தில் பல் நீண்ட முகம் ஒன்று வரைந்திருந்தான்.

ஆகவே அந்தப் பயிற்சிப் புத்தகத்தில் தமிழ் இரண்டு இடத்தில் இருந்தது. அதன் இலக்கணம் நம்ம ஆளுங்க பக்கத்தில். அதன் ஒலி எதிரிகள் பக்கத்தில். இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்று அவனுக்கு யார் சொல்வது? சொன்னால் அது பாடம் ஆகிவிடும். எட்டு வயதில் பாடம் என்றாலே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

“எதிரிங்க மொழில ‘எனக்குப் பசிக்குது’ எப்படி சொல்வாங்க?” என்று கேட்டேன்.

“அவங்க பேச மாட்டாங்க மாமா. சும்மா சத்தம் போடுவாங்க.”

“அவங்களுக்குப் பசிக்காதா?”

கொஞ்சம் யோசித்தான். “பசிக்கும்.”

“பசிச்சா அம்மாகிட்ட கேக்கணுமே. என்னன்னு கேப்பான்?”

பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்குக் கிளிக்கியின் மின், நிம் கதையைச் சொன்னேன். படத்தில் பயங்கரமாகக் கத்துகிறவர்களுக்கும் ‘நான்’ என்று ஒரு சொல், ‘நீ’ என்று ஒரு சொல் இருக்கிறது, திருப்பிப் போட்டால் மாறிவிடும் என்று சொன்னேன். அது அவனுக்குப் பிடித்துவிட்டது. ‘டுண்’ என்றால் நான் என்று எழுதினான். திருப்பிப் போட ‘ணுட்’ என்று முயன்று, வாயில் வராமல் சிரித்தான். நாக்கை எங்கே வைப்பது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. எனக்கும் அதைச் சொல்லித்தரத் தெரியவில்லை. திரையில் பட்டையைக் காட்ட முடியும், நாக்கைக் காட்ட முடியாது.

“பாட்டிக்குத் தெரியும்” என்றேன்.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். பாட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்ன ஏது என்று கேட்காமல் வாயைத் திறந்து, நாக்கை மேலே மடித்துக் காட்டி, “ண்” என்றார். அவன் கிட்டப் போய் உள்ளே எட்டிப் பார்த்தான். “ன்” என்றான். “இல்லடா, மேல, மேல. ண்.” இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை நடந்தது. அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

இதை எழுதும் இன்றைக்கு எதிரிகளிடம் பதினொரு சொற்கள் இருக்கின்றன. பசிக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. நேற்று அவர்களுடைய வாக்கியம் ஒன்றைச் சொல்லிக் காட்டினான். அதிலும் வினை கடைசியில்தான் வந்தது.